வெள்ளூர்ப் போரும் ஒரு மணிமுடியும்

இளையரசனேந்தலில் வாழ்பவனுக்குப் பாண்டியர் வரலாறு கழுகுமலையிலிருந்துதான் தொடங்குகிறது. முற்றுப்பெறாத வெட்டுவான் கோவிலைக் கண்டு வியப்போர் பலர். அதே மலையில் சமணச் சிற்பங்களுக்கிடையே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளை நின்று படிப்போர் சிலரே. அவற்றுள் ஒன்று, எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், மாறஞ்சடையனின் படை மலைநாட்டுக் கருநந்தன்மேல் சென்றபோது மாண்டவர்கள் பொருட்டு அளிக்கப்பெற்ற அறக்கொடையைக் கூறுகிறது. பிறர் நாட்டின்மேல் படை செலுத்தும் வலிமை அன்று மதுரைக்கு இருந்தது. ஒரு நூற்றாண்டு கடந்ததும் அதே மதுரை, கடலுக்கு அப்பாலிருந்து படை வேண்டி நின்றது. அதன் விளைவே வெள்ளூர்ப் போர்.

907இல் அரியணை ஏறிய முதற் பராந்தக சோழன், தன் மூன்றாம் ஆட்சியாண்டிலேயே 'மதுரை கொண்ட' என்னும் அடைமொழியைப் பூண்டான். அவனை எதிர்த்து நின்றவன் மூன்றாம் இராசசிம்ம பாண்டியன். இவனுடைய சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, தஞ்சை வேந்தனை வென்றதாகவும் கொடும்பாளூரில் பொருததாகவும் பெருமிதத்துடன் பேசுகிறது. ஆயினும் சோழர் எழுச்சியைத் தனித்துத் தடுக்க இயலாது என்பதை அவன் உணர்ந்திருக்க வேண்டும். பரிசுப் பொருள்களை அனுப்பி, இலங்கை வேந்தன் ஐந்தாம் காசியபனிடம் (914-923) படையுதவி கேட்டான்.

இவ்விடத்தில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இராசசிம்மனின் பாட்டன் சீமாறன் சீவல்லபன் ஈழத்தின்மேல் படையெடுத்து அதன் தலைநகரைச் சூறையாடியவன். அதற்குப் பழிவாங்க இரண்டாம் சேனனின் படை 862ஐ ஒட்டி மதுரைக்குள் புகுந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் நகரை ஒருவர் கொள்ளையிட்டவர்களே இப்போது தோள் சேர்ந்து நிற்கிறார்கள்.

மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் இப்படையுதவியை விரிவாகவே கூறுகிறது. காசியபன் மாதோட்டத் துறைக்குத் தானே வந்து, முன்னைய வெற்றியை எடுத்துரைத்து வீரர்களுக்கு ஊக்கமூட்டி மரக்கலம் ஏற்றினான். படைத்தலைவன் சக்கசேனாபதி. 915ஐ ஒட்டி வெள்ளூரில் பாண்டியரும் சிங்களவரும் ஒருபுறமும், சோழரும் அவர்தம் துணைவரும் மறுபுறமும் மோதினர். சோழன் வென்றான். போரைத் தொடர எண்ணித் தங்கிய சக்கசேனாபதியைக் கொள்ளைநோய் கொண்டது. வீரர் பலரும் அவ்வாறே மடிவதைக் கேட்ட காசியபன், இரக்கமுற்று எஞ்சிய படையைத் திரும்ப அழைத்துக்கொண்டான்.

வென்றவர் தரப்புச் சான்றுகளும் உள்ளன. கங்கமன்னன் இரண்டாம் பிருதிவீபதியின் உதயேந்திரச் செப்பேடு, பராந்தகன் 'சங்கிராமராகவன்' என்னும் பெயர் பெற்றதை இவ்வெற்றியோடு இணைக்கிறது. இலங்கை வேந்தனின் படையை அழித்தவன் இராமனாகிவிடுகிறான்! பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கீழப்பழுவூர்க் கல்வெட்டோ, பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் வெள்ளூரில் பெற்ற வெற்றிக்காக இறைவனுக்கு விளக்கு வைத்ததைச் சொல்கிறது.

மேலைக் கடலோரத்தில் இதையொத்த ஒரு போர் 838இல் நடந்தது. பிரித்தானியத் தீவின் தென்மேற்கு முனையிலிருந்த கார்ன்வால் நாட்டுப் பிரித்தானியர், கடல்வழி வந்த வைக்கிங்குகளோடு சேர்ந்து, வெசெக்சு அரசன் எக்பர்ட்டின் சாக்சன் படையை எதிர்த்து, ஹிங்ஸ்டன் டவுன் என்னுமிடத்தில் தோற்றனர். அதைப் பதிந்து வைத்தது சாக்சன் ஆண்டேடு. அதுவும் சில வரிகளே. அங்கு வென்றவன் குரல் மட்டுமே நமக்குக் கேட்கிறது. வெள்ளூரைப் பற்றியோ, வென்றவனும் துணைக்கு வந்தவனும் பேசுகிறார்கள்.

அந்நியப் படையை உள்நாட்டுக்குள் அழைத்தவன் என்று இராசசிம்மனைப் பழிப்பது எளிது. மாணவர்கள் பலமுறை என்னிடம் அவ்வாறு கேட்டதுண்டு. ஆனால் 'தமிழ்நாடு' என்னும் ஓர் அரசு அன்று இல்லை. பாண்டியனுக்குத் தஞ்சையும் அனுராதபுரமும் இரண்டு அண்டை அரசுகளே. அவ்விரண்டில் தன் நாட்டை விழுங்க வந்தது எது என்பதே அவன் முன் நின்ற கேள்வி. நம் காலத்து எல்லைக்கோடுகளைப் பத்தாம் நூற்றாண்டின்மேல் வரைந்து, அதைக்கொண்டு ஒருவனைத் துரோகி என்பது வரலாறு ஆகாது.

போருக்குப் பின் நடந்தவை இதை உறுதிசெய்கின்றன. நாடிழந்த இராசசிம்மன் ஈழத்துக்குச் சென்றான். நான்காம் தப்புலன் (924-935) அவனுக்கு வாழ்வூதியம் தந்து, இழந்த அரசை மீட்டுத்தரவும் விழைந்தான். ஆனால் சிங்களப் பெருமக்களிடையே எழுந்த பூசல் அதற்கு இடந்தரவில்லை. இனி இங்கிருந்து பயனில்லை எனக் கண்ட பாண்டியன், தன் மணிமுடியையும் அணிகலன்களையும் அங்கேயே வைத்துவிட்டுத் தாய் வானவன் மாதேவியின் பிறந்தகமான சேரநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

பிற்காலத்தில் பராந்தகன் அம்முடியைக் கேட்டு ஆளனுப்பினான். நான்காம் உதயன் மறுத்தான். சோழப்படை ஈழத்தில் இறங்கியபோது, முடியை எடுத்துக்கொண்டு உரோகணத்துக்கு ஓடினானேயன்றி அதைக் கொடுக்கவில்லை. பராந்தகன் 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்று எழுதிக்கொண்டான்; முடி கைக்கு எட்டவில்லை. 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டபோதே அது முதலாம் இராசேந்திரனிடம் சேர்ந்தது. அவன் மெய்க்கீர்த்தி இதைத் தனியே எடுத்துச் சொல்கிறது. அடுத்து அவன் செய்தது, தன் மகனைச் சோழபாண்டியன் என்னும் பட்டத்துடன் மதுரையில் அமர்த்தியது.

மதுரையை வாளால் கொண்டவர்களுக்கும் அம்முடி தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். போர்க்களத்தில் உதவ இயலாமற்போன ஒரு கூட்டாளி, தன்னிடம் வைத்துச் சென்ற பொருளைத் தலைமுறைகள் கடந்தும் பகைவனிடம் ஒப்படைக்காமல் காத்தான். அந்நியன் என்னும் சொல்லை அவனுக்கு வழங்குமுன் நாம் ஒருமுறை தயங்குதல் நன்று.