பிள்ளைகளின் பயணமும் மிஷனின் வரலாறும்: யாழ்ப்பாண, தமிழக அமெரிக்க மிஷனெரிக் குடும்பங்கள் (1819–1901)

தமிழ் நிலத்தில் அமெரிக்க மிஷன் செய்த பணியை எழுதியவர்கள் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், அகராதி, மருத்துவமனை என்ற வரிசையில் அதை எழுதியிருக்கிறார்கள். அந்த வரிசையில் மிஷனெரிமாரின் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. கடற்பயணத்தில் நோயுற்ற குழந்தை, பத்து வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மகன், உறவினர் வீட்டில் வளர்ந்த மகள் ஆகியோர் குடும்பத் துயரமாக ஒரு வரியில் வந்துபோகிறார்கள். அடுத்த வரியில் மிஷனின் கதை தொடர்கிறது. வீட்டில் நடந்தது வேறு, மிஷனில் நடந்தது வேறு என்னும் இந்தப் பிரிப்பு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். அக்குடும்பங்களின் பிள்ளைகள் எந்த வயதில், எந்தத் திசையில், எதற்காகப் பயணம் செய்தார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்தால், மிஷன் எங்கே வீடு கட்டியது, யாரைப் பணிக்குப் பெற்றது, எதற்கு அஞ்சியது என்ற மூன்றும் விளங்கும்.

1. வந்த வழி

பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சங்கம் இலங்கைக்கு அனுப்பிய முதல் குழு 1815 அக்டோபரில் நியூபரிபோர்ட் துறைமுகத்தில் கப்பலேறி, அடுத்த ஆண்டு மார்ச்சில் கொழும்பில் இறங்கியது. இரண்டாம் குழு 1819 ஜூனில் பாஸ்டனிலிருந்து ‘இண்டஸ்’ என்ற கப்பலில் புறப்பட்டது. மைரன் வின்சுலோ, லெவி ஸ்போல்டிங், ஹென்றி உட்வர்ட், ஜான் ஸ்கடர் ஆகிய நால்வரும் தத்தம் மனைவியருடன் அதில் வந்தார்கள். நியூயார்க்கில் மருத்துவம் பார்த்துவந்த ஸ்கடர் தம்பதியருடன் மரியா என்ற பெண்குழந்தையும் வந்தது. அக்டோபரில் கப்பல் கல்கத்தாவை அடைந்தது. யாழ்ப்பாணத்தைப் பார்க்குமுன் குழந்தை அங்கேயே இறந்துபோயிற்று.

சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படும்வரை அமெரிக்காவிலிருந்து வரும் பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர நான்கைந்து மாதங்கள் ஆயின. மருத்துவர் உடனிருந்தாலும் குழந்தைக்கு வேண்டிய பாலும் நல்ல தண்ணீரும் நடுக்கடலில் கிடைப்பது அரிது. ஒரு கடிதம் போய் மறுமொழி வர ஓராண்டு ஆகலாம். குழந்தையோடு புறப்பட்ட தாய்க்குத் தன் தாயின் ஆலோசனை ஓராண்டு தள்ளியே கிடைத்தது. இந்தத் தொலைவை மனத்தில் கொள்ளாமல் பின்னால் அக்குடும்பங்கள் எடுத்த முடிவுகளை மதிப்பிடுவது நியாயமாகாது.

2. அனுப்பிய வழி

ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், வின்சுலோவும் அவர் மனைவி ஹாரியட்டும் உடுவிலிலும் குடியமர்ந்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். ஏழெட்டு வயது கடந்ததும் அவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1830களின் தொடக்கத்தில் பல குடும்பங்கள் கண்ட விடை, அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது.

வின்சுலோ தம்பதியரின் மகன் சார்ல்ஸ் 1821இல் பிறந்தவன். பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இருக்க, அவன் பிறருடைய பொறுப்பில் கடல்கடந்து சென்றான். 1832இல் நியூயார்க் சேர்ந்த சில நாள்களிலேயே இறந்தான். 1833 ஜனவரியில் ஹாரியட்டும் உடுவிலில் காலமானார். 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர் அவர். பெண்கல்வி வரலாற்றில் அவருக்குரிய இடத்தை அனைவரும் ஏற்கிறோம். அவருடைய மகனின் கடற்பயணத்தையும் அதே வரலாற்றில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மனைவி மறைந்தபின் வின்சுலோ அமெரிக்கா சென்று திரும்பினார். 1862இல் வெளிவந்த அவரது தமிழ் – ஆங்கில அகராதியைப் போற்றும் நாம், அந்த உழைப்புக்குப் பின்னிருந்த வீட்டின் நிலையையும் அறிந்திருப்பது நல்லது.

பிள்ளைகள்தாம் ஒரு மிஷனெரியின் இடப்பெயர்வைத் தீர்மானித்தார்கள் என்பதற்கு எதிர்த்திசையிலிருந்தும் சான்று உண்டு. 1840இல் உடுவிலுக்கு வந்த எலைசா ஆக்னியூ மணமாகாதவர். 1883இல் மானிப்பாயில் இறக்கும்வரை அவர் ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பவில்லை. மணமானவர்களின் பணிக்காலத்தையோ பிள்ளைகளின் வயதும் நோயும் படிப்பும் துண்டுதுண்டாகப் பிரித்தன.

3. சொன்ன காரணமும் சொல்லாத காரணமும்

பிரிவுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. வெப்பம் உடலைக் கெடுக்கும். தக்க கல்வி கிடையாது. பிழைப்புக்கும் மணத்துக்கும் வழியில்லை. முதல் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. குழந்தைகளின் கல்லறைகள் அந்தக் குடும்பங்களின் கண்முன்னே இருந்தன. இரண்டாவது காரணம் ஆராயத்தக்கது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. தமிழ் மாணவருக்கு அந்நாளில் இந்தப் பகுதியில் அதைவிட உயர்ந்த கல்வி எளிதில் கிடைக்கவில்லை. அதை நடத்திய குடும்பங்கள் தம் பிள்ளைகளின் கல்விக்கு அதை வழியாகக் கொள்ளவில்லை.

இதே அமெரிக்கன் போர்டின்கீழ் ஹவாய்த் தீவுகளில் இருந்த குடும்பங்களும் முதலில் பிள்ளைகளைக் கடல்வழி அனுப்பிவைத்தன. பின் 1841இல் ஹொனலுலுவில் தம் பிள்ளைகளுக்கென்றே புனஹோ பள்ளியை நிறுவின. ஆகவே பிரிவு ஒன்றே வழி என்று சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்தில் அத்தகைய பள்ளி எழாததற்கு ஆள்பலக் குறைவும் ஒரு காரணமாகலாம். 1820 முதல் 1833 வரை இலங்கையின் ஆங்கிலேய அரசு புதிய அமெரிக்க மிஷனெரிமாரை அனுமதிக்கவில்லை. எனினும் தடை நீங்கிய பின்னும் நெடுங்காலம் நிலைமை மாறவில்லை.

சொல்லாத காரணம், அல்லது மெல்லிய குரலில் சொன்ன காரணம், சூழலைப் பற்றிய அச்சம். வெள்ளைக்காரப் பிள்ளை ஆயாவின் மடியில் வளர்ந்தது. சமையற்கட்டிலும் கிணற்றடியிலும் தமிழ் கேட்டது. தாய் அறியாத கதைகளையும் வசைகளையும் பண்டிகைகளையும் அது அறிந்திருந்தது. புறச்சமயச் சூழல் பிள்ளையின் மனத்தைக் கெடுத்துவிடும் என்ற கவலை அக்கால மிஷன் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழர் நடுவில் வாழவே வந்தவர்கள், தம் பிள்ளைகள் தமிழராகிவிடுவார்களோ என்று அஞ்சினார்கள். கல்வி, வெப்பம் என்ற இரு காரணங்களுக்கும் இந்த அச்சமே வலுவூட்டியது என்று கருத இடமிருக்கிறது.

4. ஒரே வளவில் இருவகைப் பிள்ளைகள்

அதே ஆண்டுகளில் அதே மிஷன் வளவுக்குள் தமிழ்ப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். தெல்லிப்பழை, உடுவில், வட்டுக்கோட்டை விடுதிகளில் அவர்கள் பெற்றோரை விட்டுத் தங்கிப் படித்தார்கள். அமெரிக்காவிலிருந்த கொடையாளர்கள் ஆண்டுதோறும் பணம் அனுப்பி ஒரு பிள்ளையை ஆதரித்தார்கள். அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை வைக்கும் உரிமையும் பெற்றார்கள். கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை என்று தமிழ்ப் புலமை வரலாற்றில் நிலைத்த பெயர்களின் முன்பாதி அந்த ஏற்பாட்டின் அடையாளம்.

விடுதிக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கிய தமிழ்ப் பெற்றோர் என்ன நினைத்தார்கள்? வேறு கையால் சமைத்த சோற்றை உண்டு, வேறு தெய்வத்தை வணங்கி, பிள்ளை தம்மைவிட்டு விலகிப்போகும் என்று அஞ்சினார்கள். மிஷனெரிமார் இதை அறியாமை என்றும் சாதிப்பிடிப்பு என்றும் எழுதினார்கள். சாதிப்பிடிப்பு அதில் இருந்தது உண்மை. ஆனால் அந்நியரின் உணவும் பேச்சும் வழிபாடும் தம் பிள்ளையை வேறொருவனாக்கிவிடும் என்ற அச்சம், அதே வளவில் மிஷனெரித் தாய்க்கும் இருந்தது. ஒரு தாயின் அச்சம் கடமையுணர்வாகவும் இன்னொரு தாயின் அச்சம் மூடநம்பிக்கையாகவும் பதிவாயின. இந்த இரட்டை அளவுகோலைச் சுட்டாமல் யாழ்ப்பாண மிஷன் கல்வியின் வரலாறு முழுமையடையாது.

பணத்தின் போக்கும் இதையே காட்டுகிறது. மூத்த ஸ்கடர் 1836இல் சென்னைக்கு மாறினார். 1842 முதல் 1846 வரை அமெரிக்காவில் இருந்தார். உடல்நலம் தேடிச் சென்றவர், ஊர் ஊராகப் பயணம் செய்து தேவாலயங்களில் சிறுவர்களைக் கூட்டிப் பேசினார். மிஷனுக்குக் காசு சேர்க்கவும், வளர்ந்தபின் மிஷனெரியாக வரவும் அவர்களை அழைத்தார். சிறுவர்களுக்கென்றே நூல்களும் எழுதினார். மிஷனெரிக் குடும்பத்துக்குத் தாயகப் பயணம் ஓய்வாக அமையவில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கப் பிள்ளைகளின் காசு தமிழ்ப் பிள்ளைகளை விடுதியில் வளர்த்தது; மிஷனெரியின் பிள்ளைகளை அமெரிக்க உறவினர்கள் வளர்த்தார்கள். இந்த மூன்று வகைப் பிள்ளைகளின் தோள்மேல்தான் மிஷன் நின்றது.

5. மலைக்கு ஏறிய வழி

யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்குக் கிளைத்த மிஷன் முதல் பத்தாண்டுகளில் நோயாலும் சாவாலும் தளர்ந்தது. சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள்; அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் பழனி மலையின் உயரத்தில் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் தாய்மாரும் குழந்தைகளும் டோலியில் ஏறிச் சென்றார்கள். சுமந்தவர்கள் கூலியாட்கள். மலைக்கு மோட்டார் சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இன்று உல்லாச ஊராக அறியப்படும் கொடைக்கானல் நகரத்தின் பிறப்பில் குழந்தைகளின் உயிர்பற்றிய கவலைக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் அடுத்த படி 1901இல் நிகழ்ந்தது. மிஷனெரிப் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் பள்ளி அங்கே தொடங்கியது. இன்று அது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக நடக்கிறது. பத்து வயதில் கடல் கடக்க வேண்டிய கட்டாயம் அதனால் தளர்ந்தது. பிள்ளை ஆண்டின் பெரும்பகுதி விடுதியில் இருந்தாலும் பெற்றோர் இருந்த ஊர் சில நாள் பயணத் தொலைவுக்குள் வந்தது. யாழ்ப்பாணத்தில் பிரிவு தொடங்கி இப்படியொரு பள்ளி வரச் சுமார் எழுபது ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்தை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

6. ‘தியாகம் பலித்தது’ என்னும் வாதம்

என் வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மூத்த ஸ்கடரின் மகன்கள் ஏழு பேர் மிஷன் பணிக்கே திரும்பினார்கள். பண்டத்தரிப்பில் 1822இல் பிறந்து சிறுவயதில் அனுப்பப்பட்ட ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1844இல் திரும்பி வந்து, 1853இல் தம்பியருடன் ஆர்க்காட்டு மிஷனை அமைத்தார். வின்சுலோவின் மகள் ஹாரியட்டும் மிஷனெரியின் மனைவியாகச் சென்னைக்கு வந்தார். பிரிவு நல்ல பலனையே தந்தது என்று இவற்றைக் காட்டிச் சொல்லலாம்.

இதற்கு இரு மறுமொழிகள் உண்டு. ஒன்று, திரும்பி வந்தவர்களை வைத்தே இவ்வாதம் கட்டப்படுகிறது. திரும்பாத சார்ல்ஸ் இக்கணக்கில் வருவதில்லை. இரண்டு, திரும்பியவர்களின் தனிப்பலம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஹென்றி மார்ட்டின் தமிழில் சந்தை வெளியிலும் தெருமுனையிலும் நின்று பேச வல்லவர். தமிழ்ப் பிரசங்க நூல்களும் எழுதினார். நியூயார்க்கின் கல்விக்கூடங்கள் அவருக்கு இறையியலையும் பட்டத்தையும் தந்தன. தமிழ்ச் செவியைத் தந்தது யாழ்ப்பாணத்துக் குழந்தைப் பருவம். எந்தச் சூழல் பிள்ளையைக் கெடுக்கும் என்று பெற்றோர் அஞ்சினார்களோ, அந்தச் சூழலே மிஷனுக்குத் தலைசிறந்த பேச்சாளரைத் தந்தது.

மூன்றாம் தலைமுறையின் ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். 1878இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். தந்தை 1882இல் இந்தியா திரும்ப, பின்னர் தாயும் புறப்பட, ஐடா சிக்காகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். அந்தப் பிரிவை அவர் மறக்கவில்லை. மிஷனெரி வாழ்க்கை வேண்டாம் என்பதில் இளமையில் உறுதியாக இருந்தார். 1890இல் திண்டிவனத்துக்கு வந்ததும் தாயின் நோய்க்காகவே. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பேறுகாலத்தில் மடிந்ததைக் கண்ட பிறகே அவர் மனம் மாறினார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். அவர் நிறுவிய வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தோற்றத்தைப் பிரிவின் பலன் என்று எழுதுவது, அந்த மூன்று தமிழ்நாட்டுப் பெண்களின் சாவை மறைத்துவிடுவதாகும்.

முடிவாக

மிஷனெரிப் பெற்றோரைக் கல்நெஞ்சர் என்று சாடுவதற்காக இதை எழுதவில்லை. தம் நம்பிக்கைக்கும் தம் பிள்ளைக்கும் இடையில் அவர்கள் பட்ட பாடு மெய்யானது. ஆனால் பெற்றோர் தாமே தேர்ந்த தியாகத்தையும், பிள்ளைகள் கேட்கப்படாமலே சுமந்த இழப்பையும் ஒரே பெயரால் போற்றும் வழக்கத்தை ஆய்வாளர் கைவிட வேண்டும். மிஷன் ஆவணங்களைப் படிப்போர் இனி மூன்று வினாக்களை முன்வைக்கலாம். இந்தப் பிள்ளையை வளர்த்த ஆயா யார்? அந்தப் பிள்ளை புறப்பட்ட ஆண்டில் விடுதிக்கு வந்து சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் யார் யார்? அவர்களை அனுப்பிவைத்த தாய்தந்தையர் என்ன சொன்னார்கள்? கடல் கடந்த பிள்ளைகளுக்காவது ஒரு நினைவுநூலோ கடிதமோ எஞ்சியிருக்கிறது. ஆயாமாருக்கும் விடுதிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதுகூட இல்லை. அவர்களைத் தேடி எழுதுவது தமிழ் ஆய்வுலகின் பொறுப்பு. அதை நமக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை.