சாந்தம் என்னும் தொந்தரவு

1738 செப்டம்பர். நியூ ஜெர்சியின் பர்லிங்டன் நகரில் குவேக்கர் கிறிஸ்தவர்களின் ஆண்டுக் கூட்டம். குவேக்கர் வழிபாட்டில் பாட்டு கிடையாது, பீடம் கிடையாது, பாதிரியார் கிடையாது. எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து தூண்டுதல் வந்தால் எழுந்து பேசலாம். அன்றைக்கு எழுந்தவர் சுமார் நாலடி உயரமே இருந்த, முதுகு கூனிய ஒரு மனிதர். பெயர் பெஞ்சமின் லே. மேலங்கியைக் கழற்றி எறிந்தார். உள்ளே ராணுவ உடுப்பு, இடுப்பில் வாள். போரையே பாவமென்று நினைக்கும் சபைக்குள் வாள்! சக மனிதரை அடிமையாக வைத்திருப்பவர்களின் ரத்தத்தைக் கடவுள் சிந்துவார் என்று முழங்கிவிட்டு, கையிலிருந்த புத்தகத்தை வாளால் குத்தினார். சிவப்பாகப் பீறிட்டு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் மேல் தெறித்தது. புத்தகத்தின் உட்புறத்தைக் குடைந்து, காட்டுப்பழச் சாறு நிரப்பிய பை ஒன்றை அதற்குள் ஒளித்து வைத்திருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள்.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் யோசிப்பது, அங்கே பழச்சாறு தெறித்த ஆடையோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றித்தான். அவர்கள் யாரும் கொடுங்கோலர்கள் கிடையாது. எளிய உடை உடுத்துவார்கள். கடையில் ஒரே விலைதான், பேரம் இல்லை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மாட்டார்கள். எப்போதும் உண்மையே பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். பெரிய மனிதர் முன்னால் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள், ஏனென்றால் கடவுளின் ஒளி எல்லோருக்குள்ளும் சமமாக இருக்கிறது. இதற்காகவே இங்கிலாந்தில் சிறைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். அவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னிடமே அடிமைகள் இருந்தார்கள்.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களைச் சொல்கிறார். அன்பில் ஆரம்பித்து இச்சையடக்கத்தில் முடியும் பட்டியல். நடுவில் சமாதானம், பொறுமை, சாந்தம் எல்லாம் வரும். ஞாயிறு பள்ளிக்குப் போன யாரைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நானும் ஒப்பிப்பேன். ஒரு விசுவாசியின் உள்ளம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பர்லிங்டன் கூட்டத்துக்கு மார்க் போட்டுப் பாருங்கள். லே தேற மாட்டார். கோபம், கூச்சல், கூட்டத்தின் சமாதானத்தைக் குலைத்தது. உட்கார்ந்திருந்தவர்களோ பொறுமையாக, அடக்கமாக, அமைதியாக இருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் பாஸ். அப்போ பட்டியலில் கோளாறா, மார்க் போடும் முறையில் கோளாறா?

*

லேயின் கோபம் ஒரே நாளில் வந்ததில்லை. 1682இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். கையுறை தைத்தார், கப்பலில் மாலுமியாக இருந்தார். மனைவி சாராவோடு பார்படோஸ் தீவுக்குப் போய்க் கொஞ்ச காலம் கடை வைத்திருந்தார். கரும்புத் தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியாலும் அடியாலும் சாவதை அங்கே கண்ணால் பார்த்தார். 1732இல் பிலடெல்பியாவுக்கு வந்தபோது, தன் சொந்தச் சபையாரே அதைச் செய்வதைக் கண்டார்.

பனிக்காலத்தில் ஒரு நாள் கூட்ட வாசலில் வெறுங்காலைப் பனியில் புதைத்துக்கொண்டு நின்றாராம். உடம்புக்கு ஆகாதே என்று பதறியவர்களிடம், குளிர்காலம் முழுக்க அரைகுறைத் துணியோடு உங்கள் வயலில் வேலை செய்கிறவர்களுக்காக இப்படிப் பதறினீர்களா என்று கேட்டாராம். அவர் காலத்துக்குப் பிறகு தொகுக்கப்பட்ட கதை இது. ஆனால் ஆளை அப்படியே பிடித்துக் காட்டுகிறது.

1737இல் அடிமை வைத்திருப்பவர்கள் அனைவரும் விசுவாசத் துரோகிகள் என்று ஒரு புத்தகமே போட்டார். அச்சிட்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின். கவனமான வியாபாரி, தன் அச்சகத்தின் பெயரைப் புத்தகத்தில் போடவில்லை. சபைக்கும் கோபம் வந்தது: எங்கள் ஒப்புதல் இல்லாமல் எப்படி அச்சிடலாம்? லே சபையிலிருந்து நீக்கப்பட்டார். ஒழுங்கு, பணிவு, ஐக்கியம் ஆகிய நல்ல சொற்கள் எல்லாம் அவரை வெளியே தள்ளப் பயன்பட்டன.

அதே சொற்கள் அதற்கு முன்பும் அந்த வேலையைச் செய்திருந்தன. 1688இல் ஜெர்மன்டவுன் ஊரைச் சேர்ந்த நான்கு பேர், மனிதரை வாங்குவதும் விற்பதும் சரியில்லை என்று ஒரு மனு எழுதினார்கள். மாதக் கூட்டம் அதை மேல் கூட்டத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்குப் போனது. இப்போது முடிவெடுப்பது உசிதமில்லை என்று அங்கே ஒதுக்கி வைத்தார்கள். நம்ம ஊர் ஃபைல் மாதிரியே. யாரும் மனுவை மறுக்கவில்லை, யாரும் கத்தவுமில்லை. எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள்.

அந்தப் பொறுமைக்கு வட்டி கட்டியது யார் என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

*

லே புத்தகத்தைக் குத்திய வருஷம் பர்லிங்டன் பக்கத்திலேயே ஒரு பதினெட்டு வயதுப் பையன் இருந்தான். ஜான் வூல்மன். 1720இல் பிறந்தவன், விவசாயக் குடும்பம். சிறுவயதில் ஒரு தாய்ப் பறவையைக் கல்லால் அடித்துக் கொன்றதையும், தாயில்லாமல் குஞ்சுகள் பட்டினியில் துடித்துச் சாகுமே என்று அவற்றையும் கொன்றதையும் பிற்காலத்தில் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். செய்த காரியம் எங்கே போய் முடிகிறது என்று கடைசிவரை பின்தொடர்ந்து பார்க்கும் குணம் அப்போதே இருந்திருக்கிறது.

இருபதுகளின் தொடக்கத்தில் மவுன்ட் ஹோலி ஊரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டேன், கிரயச் சீட்டு எழுது என்றார். வாங்குகிறவர் காத்திருந்தார். வயதானவர், குவேக்கர் சபைக்காரர். வூல்மனுக்கு மனசு கூசியது. ஆனாலும் வருடச் சம்பளத்துக்கு இருக்கிறோம், சொல்வது முதலாளி, வாங்குவது நல்ல மனிதர் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே, அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவத்துக்குப் பொருந்தாது என்று நினைப்பதாக இருவரிடமும் சொல்லியும்விட்டார். அதனால் மனம் கொஞ்சம் லேசானது, முழுசாக இல்லை. பிறகு இன்னொருவர் அதே மாதிரி எழுதச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

வூல்மன் சாந்தமான மனிதர். லேயின் வாள், பழச்சாறு எதுவும் அவரிடம் இல்லை. 1746இல் மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் நெடும்பயணம் போனார். திரும்பி வந்து அடிமைமுறைக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். அது 1754இல்தான், சபையின் ஒப்புதலோடு அச்சானது. எட்டு வருஷம். லே இதைக் கேட்டிருந்தால் பல்லைக் கடித்திருப்பார்.

ஆனால் வூல்மனின் சாந்தம் எதிராளியை நிம்மதியாக விடாத சாந்தம். 1757இல் மறுபடி தெற்கே போனபோது, குவேக்கர் வீடுகளில் தங்கினார். சாப்பாடு, படுக்கை எல்லாம் இலவசம், விருந்தோம்பல். ஆனால் அந்தச் சோற்றைச் சமைத்தது யார்? கூலி இல்லாமல் சமைத்தவர்கள். எனவே கிளம்பும்போது வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, சில வெள்ளிக் காசுகளைக் கொடுத்து, இதை உங்கள் அடிமைகளிடம் சேர்த்துவிடுங்கள் என்பார். சில சமயம் தானே நேரில் கொடுப்பார். அந்த வீட்டுக்காரரின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்க. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். காசு கொடுக்கிறவரை என்ன செய்வது?

அவர் உயில் எழுதித் தருவதிலும் கைதேர்ந்தவர். அடிபட்டுப் படுத்திருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் உயில் எழுதச் சொன்னார். வூல்மன் எல்லாவற்றையும் எழுதினார், ஓர் அடிமைப் பெண்ணைப் பிள்ளைக்கு விட்டுச்செல்லும் பகுதியைத் தவிர. படுக்கையருகே போய், இதை மட்டும் என்னால் எழுத முடியாது, எழுதியதற்குக் கூலியும் வேண்டாம் என்றார். இருவரும் நிதானமாகப் பேசினார்கள். கடைசியில் அந்த மனிதர் அவளை விடுதலை செய்ய ஒப்புக்கொண்டார். உயில் முடிந்தது.

தன் கடையில் வியாபாரம் பெருகியபோது அதுவும் அவரை உறுத்தியது. 1756 வாக்கில் கடையைச் சுருக்கிக்கொண்டு, தையல் வேலையும் ஆப்பிள் தோட்டமும் போதும் என்று இருந்துவிட்டார். அடிமை உழைப்பில் வந்த சர்க்கரையை விட்டார். சாயம் போட்ட துணியையும் விட்டார். சாயம் துணியைக் கெடுக்கிறது, அழுக்கைப் போக்காமல் மறைக்கிறது என்பது அவர் கருத்து. கம்பளி நிறத்திலேயே உடை, ரோமத்தின் நிறத்திலேயே தொப்பி. இதில் ஒரு வேடிக்கை: வெள்ளைத் தொப்பி அப்போது நாகரிகக்காரர்கள் மத்தியில் புது ஃபேஷன். இவரும் ஃபேஷனுக்குப் போட்டுக்கொண்டார் என்று சில சபையார் முகம் சுளித்தார்கள். வூல்மன் விளக்கம் சொல்ல ஓடவில்லை. சங்கடத்தைச் சுமந்துகொண்டே தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

இங்கேதான் எனக்கு விடை கிடைப்பதாகத் தோன்றுகிறது. சாந்தம், பொறுமை, சமாதானம் எல்லாம் செலவு பிடிக்கும் சரக்குகள். 1688இல் மனுவை ஒதுக்கியவர்களின் பொறுமைக்கு வயலில் நின்றவர்கள் விலை கொடுத்தார்கள். வூல்மன் தன் சாந்தத்துக்கான பில்லைத் தானே கட்டினார்: கூலியில், வியாபாரத்தில், மானத்தில். ஒரு குணம் கனியா காகிதப் பழமா என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

*

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் விவகாரம் மறுபடி வந்தது. குவேக்கர்கள் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து முடிவை எழுதுவார்கள். காத்திருப்போம், கடவுள் வழி காட்டுவார் என்று சிலர் பேசினார்கள். நெடுநேரம் பேசாமல் இருந்த வூல்மன் எழுந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் அழுகை கடவுளின் காதுக்கு ஏற்கெனவே எட்டிவிட்டது, இனியும் தள்ளிப்போடுவது நம் லாபத்துக்காகத்தான் என்ற பொருளில் பேசினார். மனிதரை வாங்கி விற்பவர்களைச் சபைப் பொறுப்புகளிலிருந்து விலக்கவும், அடிமை வைத்திருப்பவர்களை வீடு வீடாகச் சென்று சந்திக்கவும் முடிவானது. போனவர்களில் வூல்மனும் ஒருவர்.

வயோதிகத்தில் தளர்ந்திருந்த லேக்குச் செய்தி போனது. இனி நிம்மதியாகச் சாவேன் என்றாராம். அடுத்த வருஷம் இறந்தார்.

வூல்மன் 1772இல் இங்கிலாந்து போனார். கப்பலில் வசதியான அறைகளின் அலங்கார வேலைப்பாடு உறுத்தியதால், மாலுமிகளோடு அடித்தளத்தில் பயணம் செய்தார். தபால் வண்டிகளில் குதிரைகளையும் வண்டியோட்டும் சிறுவர்களையும் வதைக்கிறார்கள் என்று வண்டி ஏறாமல் நடந்தே வடக்கே போனார். யார்க் நகரில் பெரியம்மை தாக்கி, அக்டோபரில் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1776இல், அடிமை வைத்திருப்பவர் யாரும் சபையில் இருக்க முடியாது என்று பிலடெல்பியா குவேக்கர்கள் தீர்மானித்தார்கள். ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து எண்ணினால் 88 வருஷம்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் முடிக்க எனக்கு மனமில்லை. அதன் பிறகும் பல குவேக்கர் கூட்டங்களில் கறுப்பினத்தவருக்கென்று தனி பெஞ்சு இருந்தது. விடுதலை கொடுத்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார மனம் வரவில்லை. நமக்குப் புரியாத விஷயமா இது? லே இல்லாமல் வூல்மன் மட்டும் போதுமாக இருந்திருக்குமா என்றும் எனக்குச் சந்தேகம்தான். கதவை ஒருவர் உதைத்திருந்ததால்தான் இன்னொருவர் தட்டியது காதில் விழுந்திருக்கும். லே இருந்த அபிங்டன் சபை பல தலைமுறைகள் கழித்துத்தான் அவரைத் தங்களில் ஒருவராக மறுபடி ஏற்றுக்கொண்டது.

வூல்மனின் நாட்குறிப்பு 1774 முதல் இன்றுவரை அச்சில் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கிரயச் சீட்டு எழுதப்பட்ட பக்கத்தில் அவருடைய மனசாட்சி விழித்துக்கொள்ளும் கணத்தைத் துல்லியமாகப் பார்க்கலாம். முதலாளி இருக்கிறார், வாங்க வந்த பெரியவர் இருக்கிறார், உறுத்தலோடு பேனா பிடித்த இளைஞன் இருக்கிறான். அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ஒரு நல்ல மனிதன் உருவான அந்த நாளில் அவள் விற்கப்பட்டு, வாங்கியவரோடு போனாள்.