பல்லாவரம் சந்தையும் கருங்கன்னக் கிளியும்

தாம்பரத்திற்கு வடக்கே, பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் வண்ண மீன்களுக்கும் புறாக்களுக்கும் இடையே ஆப்பிரிக்க லவ்பேர்ட்ஸ் எனப்படும் குட்டைவால் சிறுகிளிகளும் விற்கப்படுகின்றன. அவ்வகையைச் சேர்ந்த ஓர் இனமான கருங்கன்னக் கிளியின் வரலாறு, கூண்டு வணிகம் ஓர் இனத்தை எவ்வளவு விரைவில் குலைக்கும் என்பதற்கு வேதனையான சான்றாகும்.

தென்மேற்குச் சாம்பியாவில், வறட்சி தாங்கும் மோப்பேன் மரங்கள் நிறைந்த காடுகளில் வாழும் இப்பறவையை அறிவியல் உலகம் 1906இல்தான் விவரித்தது. ஆயினும் 1929இல் நான்கே வாரங்களில் ஏறத்தாழ 16,000 பறவைகள் பிடிக்கப்பட்டன, அந்த இழப்பிலிருந்து அவ்வினம் இன்றளவும் முழுமையாக மீளவில்லை. நாள்தோறும் நீர் அருந்தியாக வேண்டிய அதற்கு, நீர்நிலைகள் வற்றியதும், சோளமும் கம்பும் விளைந்த நிலங்களில் மக்காச்சோளம் பரவியதும் மேலும் கேடாயின. கூண்டுகளிலோ, பிற லவ்பேர்ட்ஸ் இனங்களுடன் கலந்ததால் தூய மரபு அரிதாயிற்று.

இந்தியாவில் உள்நாட்டுக் கிளிகளின் வணிகம் 1990களின் தொடக்கத்திலேயே தடைசெய்யப்பட்டது. வெளிநாட்டுக் கிளிகளோ நெடுங்காலம் வனவிலங்குச் சட்டத்திற்கு வெளியே நின்றன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இனங்களை வளர்ப்போர் பதிவுசெய்தாக வேண்டும் என்ற கடமை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே, 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. மிகப் பரவலாக வளர்க்கப்படும் பீச் முக லவ்பேர்ட் அப்பட்டியலில் இல்லை.