வ.வே.சு. ஐயரும் இரு நூல்களும்

வாழ்நாள் முழுதும் உடன்வரும் நூல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது நம் அலமாரியில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் புரட்டுகிறோம், அவ்வளவே. புதுச்சேரியில் பத்தாண்டுகள் வாழ்ந்த வ.வே.சு. ஐயரின் கதை வேறு.

லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்தும் அரச விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த ஐயர், 1910இல் மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். (அந்த மாறுவேடக் கதையை நம்மில் பலர் பள்ளிநாட்களிலேயே கேட்டிருப்போம்.) 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னையின் மீது குண்டு வீசியது. பிரான்சும் பிரிட்டனும் போரில் ஒரே அணி. அதுவரை சுதேசிகளுக்கு நிழல் தந்த பிரெஞ்சுக் கொடி இனியும் காக்குமா என்ற ஐயம் எழுந்தது. அவர்களை ஆப்பிரிக்காவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சும் பரவிற்று. அந்நிலையில் ஐயர் செய்த காரியம், 1330 குறட்பாக்களையும் ஆங்கிலத்தில் பெயர்க்க அமர்ந்தது. சில மாதங்களில் முடித்தார். 1916இல் நூல் வெளிவந்தது. ஜி.யு. போப்பின் செய்யுள் மொழிபெயர்ப்பு 1886இலேயே வந்திருந்தது. ஐயர் உரைநடையைத் தேர்ந்தார். நாளை கப்பலேற்றப்படலாம் என்று நினைப்பவன் எதை விட்டுச்செல்ல விரும்புவான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரிந்தவரை இல்லை.

இன்னொரு நூல் கம்பராமாயணம். தம் பதிப்பகத்துக்கே 'கம்ப நிலயம்' என்று பெயரிட்டார். 'மங்கையர்க்கரசியின் காதல்' கதைத்தொகுப்பு அங்கிருந்துதான் வந்தது. 1920இல் பிரிட்டிஷ் இந்தியா திரும்பி 'தேசபக்தன்' ஆசிரியரானார். மறு ஆண்டே சிறை. பெல்லாரிச் சிறையில் அவர் எழுதியது கம்பனைப் பற்றிய ஆங்கில ஆய்வு. ஹோமர், மில்டன் முதலானோருடன் கம்பனை ஒப்பிட்டு, வால்மீகியையும் விஞ்சியவன் என்று வாதிடும் நூல் அது. அதன் முடிவுகளுடன் நாம் எங்கும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் பக்கந்தோறும் தெரிவது நெடுநாள் பழகியவனின் உரிமை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பின்னர் சேரன்மாதேவியில் ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தில், பெற்றோர் வற்புறுத்தலால் இரு பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பு நியாயமானதே என்பது நம் கருத்து. பிறப்பால் உயர்வு தாழ்வில்லை என்ற குறளை மொழிபெயர்த்த கை, பந்தியில் ஏன் தயங்கிற்று? ஒரு நூல் ஒருவரிடம் பல ஆண்டுகள் தங்கியும், அதன் ஒரு பகுதி வாசலிலேயே நின்றுவிடக்கூடும் போலும்.

1925இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திராவைக் காக்கப் பாய்ந்தபோது இருவரும் மாண்டனர். பெல்லாரியில் எழுதிய கம்பன் ஆய்வை டெல்லித் தமிழ்ச் சங்கம் 1950இல்தான் நூலாக வெளியிட்டது.