நீரேரிக்குக் கதவு போட்டால் மட்டும் போதுமா?

சார்ஜாவில் நான் வேலை செய்கிற உணவகக் குசினியில் குழாயைத் திறந்தால் வருவது உப்பு நீக்கின கடல்நீர். இங்கே ஆறும் இல்லை, குளமும் இல்லை. ஆனாலும் பதினைந்து வருசத்துக்கு மேலாகக் குழாய் காய்ந்து நான் பார்த்ததில்லை.

இந்த வசதி வளைகுடாவுக்கு அப்படியொன்றும் பழசில்லை. 1950களின் தொடக்கம் வரை குவைத் மக்கள் ஷத்-அல்-அராப் கழிமுகத்துத் தண்ணீரைப் பாய்க்கப்பல்களில் கொண்டுவந்து குடித்தார்கள். யூப்ரடீசும் டைகிரிசும் சேர்ந்து கடலில் விழுகிற இடம் அது. 1953இல் குவைத்தில் உப்பு நீக்கும் ஆலை வந்தபிறகே அந்தக் கப்பல்காரரின் தொழில் ஓய்ந்தது. பிறகு மேலே அணைகள் பெருகி வரத்துக் குறைய, அதே ஆற்றுக்குள் கடல் ஏறியது. 2018இல் பாஸ்ரா நகரில் கெட்டுப்போன தண்ணீரால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கழிமுகத்தில் நன்னீர் கை தளர்ந்தால் உப்பு உடனே உள்ளே வந்துவிடும்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கட ஊர் ஞாபகம்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. கோப்பாய் - கைதடிப் பாலத்தில் நின்று நின்று நகர்ந்தோம். இரண்டு பக்கமும் உப்பாற்று நீரேரி. தங்கச்சி தண்ணி கேட்டு அழுதாள். அம்மா பாலத்துக்குக் கீழே ஒருக்கால் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தா.

அந்த நீரேரியை நன்னீராக்கும் திட்டம் நாற்பது வருசத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது என்பது, பிறகு கம்பஸில் புவியியல் படிக்கும்போதுதான் தெரிந்தது. (2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடியதோடு என் படிப்பும் அரைகுறை.. அது வேறு கதை.)

நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் அது. கனகராயன் ஆறு முதலானவை வந்து விழும் ஆனையிறவு நீரேரியை இரண்டு பக்கமும் மறிப்பது. அந்த நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகளால் கடலைத் தடுப்பது. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. நீரேரி நன்னீரானால் அந்தப் படை தடிக்கும். ஆனால் 1960களின் நடுப்பகுதியில், முள்ளியான் வாய்க்கால் முடியாமலே வேலை நின்றது. பிறகு யுத்தம். கவனிப்பாரற்ற கதவுகளால் கடல் தாராளமாக வந்துபோனது.

எங்கட ஆக்கள் இதைப் பற்றிக் கதைக்கும்போது வாய்க்காலையும் கதவையும் மட்டும்தான் கதைப்பார்கள். அடியில் கிடக்கிற சேற்றை யாரும் கதைப்பதில்லை. எனக்குத் தெரிந்த உதாரணம் கருவாடு. ஒருமுறை கழுவினால் உப்புப் போகாது. ஊறவைத்து, தண்ணியை ஊற்றி, திரும்ப ஊறவைக்க வேண்டும். நீரேரிச் சேறும் அப்படித்தான். நூற்றாண்டுகளாகக் குடித்த கடலை, மேலே நன்னீர் வந்ததும் மெல்ல மெல்லக் கக்கும். கோடையில் நீர் வற்ற அடியில் உப்புப் படியும்; முதல் மழை அதைக் கரைக்கும். அந்த நீரைக் கடலுக்கு விட்டுவிட்டுப் பிந்திய மழையை மறிக்க வேண்டும். இதை வருசா வருசம் செய்ய வேண்டும். ஒல்லாந்தர் 1932இல் கடலை மறித்து உண்டாக்கிய ஐசல் ஏரிக்கு ரைன் நதியின் கிளையே வந்து விழுகிறது. அதுகூட நன்னீராக ஏறக்குறைய ஐந்து வருசம் எடுத்தது.

உப்பு மட்டும்தான் சேற்றில் தங்கும் என்றும் இல்லை. தென்கொரியா 1994இல் 12.7 கிலோமீற்றர் அணை கட்டி சிஹ்வா என்ற கழிமுக ஏரியை மறித்தது. தொழிற்சாலைக் கழிவு அடியில் படிய, தண்ணீர் நாறியது. கடைசியில் நன்னீர் ஆசையைக் கைவிட்டுக் கடலை உள்ளே விட்டார்கள். 2011இல் அதே அணையில் 254 மெகாவாட் வற்றுப்பெருக்கு மின்நிலையம் ஓடத் தொடங்கியது. எங்கட வெங்காயத் தோட்டங்களுக்குப் போடுகிற உரம், மழையோடு எங்கே போய்ச் சேரும் என்று யோசியுங்கள்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களின் பயம் நியாயமானதுதான். அதற்குப் பிறகு தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் கடல்நீர் ஆலை கட்டி, 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். வளைகுடா ஊருக்கு வந்துவிட்டது! குடிக்கத் தண்ணி கிடைப்பதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இங்கே எண்ணெயும் எரிவாயுவும் இருக்கிறது. எங்களிடம் இருப்பது மாரிமழை.

நீரேரித் திட்டம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் கதவு போடுமுன் சேற்றை அளக்கட்டும். இறால் பிடித்துப் பிழைக்கிற சனத்தையும் கேட்கட்டும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களை விட, முதல் மழையில் கதவைத் திறக்கவும் பிறகு பூட்டவும் வருசா வருசம் அங்கே நிற்கப்போகிற ஆள்தான் முக்கியம். அந்தச் சம்பளத்துக்கு யார் காசு ஒதுக்குவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.