விழிஞ்ஞத்தில் கடல் விட்ட மூச்சு

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரையொட்டி, 1991இல் ஒரு கான்கிரீட் அறை மின்சாரம் தர ஆரம்பித்தது. வடிவமைப்பு சென்னை ஐ.ஐ.டி.யுடையது, பணம் மத்திய அரசுடையது. அறையின் வாய் தண்ணீருக்கு அடியில். அலை ஏறினால் உள்ளே நீர்மட்டம் உயர்ந்து காற்றை மேலே வெளியே தள்ளும். இறங்கினால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்று போகிற வருகிற வழியில் ஒரு டர்பைன். அவ்வளவுதான் இயந்திரம்.

சிக்கலே அந்தப் போக்குவரத்தில்தான். சில நொடிகளுக்கொரு முறை காற்று திசை மாறுகிறது. ஜப்பானில் யோஷியோ மசூடா, கடல் மிதவை விளக்குகளுக்கு வால்வுகள் வைத்து இதைச் சமாளித்தார். ஆனால் உப்புக்காற்றில் ராப்பகலாகப் படபடக்கிற வால்வு எத்தனை நாள் தாங்கும்? 1970களில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ் வால்வையே தூக்கிவிட்டார். மேலும் கீழும் ஒரே வளைவுள்ள இறக்கைகள்; காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும். நூறு வரி நிரலைப் பத்து வரியாக்கியவரைப் பார்ப்பது மாதிரி இருந்தது எனக்கு.

ஆனா அதுக்கும் ஒரு விலை உண்டு. காற்று அளவுக்கு மீறி வேகமெடுத்தால் இறக்கை 'ஸ்டால்' ஆகி விசை சரிந்துவிடும். மெதுவானால் உராய்வுக்கே சரியாகப் போய்விடும். விழிஞ்ஞத்தில் வைத்தது 150 கிலோவாட். பருவமழைக் கடலுக்கு அது பொருத்தம். டிசம்பர் கடலுக்கு ரொம்பப் பெரிசு. மின்கட்டமைப்போடு பிணைத்திருந்த இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், அலை ஓய்ந்த நேரங்களில் மோட்டாராக மாறி, கம்பியிலிருந்து மின்சாரத்தை வாங்கிச் சுற்றியது. கொடுக்க வந்தது தின்றது! சிரிக்க முடியவில்லை. தீபாவளிக் கூட்டத்துக்கென்று சர்வர்களைக் குவித்துவிட்டு, மற்ற மாதங்களில் வாடகை கட்டி அழுதவன் நான்.

திருத்தம் மெதுவாக வந்தது. 1996இல் 55 கிலோவாட் ஜெனரேட்டரோடு புது அமைப்பு. பிறகு, இருபக்கமும் வழிகாட்டித் தகடுகள் வைத்த இம்பல்ஸ் டர்பைனைச் சோதித்தார்கள். அதன் பலம் உச்சத்திறனில் இல்லை. காற்று ஏறினாலும் இறங்கினாலும் சட்டென்று கைவிடாததில் இருக்கிறது. என்னைக் கேட்டால், இதுதான் அங்கே நடந்த பெரிய காரியம். 2000களில் மின்கட்டமைப்பையே விட்டுவிட்டு, கிடைக்கிற மின்சாரத்தை வைத்து கடல்நீரைக் குடிநீராக்கினார்கள். நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் திறன். மின்சாரம் ஏறி இறங்கினாலும், தொட்டியில் சேர்ந்த தண்ணீர் அப்படியே இருக்குமே.

2011இல் ஆலையை மூடிவிட்டார்கள். இன்றைக்கு விழிஞ்ஞம் என்று தேடினால் கண்டெய்னர் துறைமுகம்தான் வருகிறது.