புதைத்ததும் புதையலும்: ஈமப்பொருள் பற்றிய சட்டச் சொல்லாட்சி

தமிழில் 'புதை' என்னும் வினையடி இருவேறு செயல்களுக்குப் பொதுவாக நிற்கிறது. பிணத்தைப் புதைத்தல் ஒன்று. பொன்னைப் புதைத்தல் மற்றொன்று. புதைக்கப்பட்ட பொன்னைக் குறிக்க இவ்வடியிலிருந்து 'புதையல்' என்னும் பெயர் தோன்றி வழக்கில் நிலைபெற்றுள்ளது. புதைக்கப்பட்ட உடலைக் குறிக்க இவ்வடியிலிருந்து அத்தகைய பெயர் எதுவும் வழங்கவில்லை. 'புதைகுழி' என இடத்திற்கு மட்டுமே பெயருண்டு. மீண்டும் வந்து எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தலையும், இனி எவரும் எடுக்கலாகாது என்னும் உறுதியோடு புதைத்தலையும் இவ்வினை வேறுபடுத்திக் காட்டுவதில்லை. ஆகவே, இறந்தவரோடு குழியில் இடப்பட்ட பொன் புதையலாகுமா என்னும் கேள்விக்குச் சொல் அளவில் விடை கிடைப்பதில்லை.

இக்கேள்வி வெறும் சொற்பொருள் ஆராய்ச்சியாக நின்றுவிடாமல் ஒழுக்கச் சிக்கலாக வளர்ந்தமைக்கு உலோகம் கண்டறியும் கருவியின் பரவல் ஒரு காரணமாகும். இக்கருவி உயிர் காக்கும் நோக்கில் பிறந்தது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு இருக்குமிடம் அறிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதன் முன்னோடி ஒன்றை அமைத்தார். இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி காண இது பயன்பட்டது. போருக்குப் பின்னர்ப் பொழுதுபோக்குக் கருவியாகக் கடைக்கு வந்தது. கம்பிச் சுருளில் எழும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, கருவி ஒலி எழுப்புகிறது. ஆணியாயினும் அணியாயினும், ஒளித்து வைத்ததாயினும் இறந்தவர்க்குக் கொடுத்ததாயினும், அவ்வொலி உலோகத்தை மட்டுமே சொல்லும். சட்டம் எதைக் கேட்டது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

எண்ணத்தைக் கேட்ட சட்டம்

இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டப்படி ஒரு பொருள் அரசுக்குரிய புதையலாக மூன்று கூறுகள் வேண்டும். அது பொன் அல்லது வெள்ளியாக இருத்தல் வேண்டும். உரியவர் இன்னார் எனத் தெரியாதிருத்தல் வேண்டும். மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடு மறைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதே ஈண்டு நோக்கத்தக்கது. பன்னூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் மனத்துள் இருந்த எண்ணத்தை நீதிமன்றம் ஊகித்தறிய வேண்டிய நிலையை அது உண்டாக்கியது.

1939இல் சஃபோக் பகுதியின் சட்டன் ஹூவில் இவ்விதி சோதனைக்குள்ளாயிற்று. எடித் பிரெட்டி என்னும் அம்மையாரின் நிலத்திலிருந்த மேடுகளுள் ஒன்றை பேசில் பிரௌன் அகழ்ந்தபோது, கப்பல் ஒன்றின் வடிவமும் அதன் நடுவே பொன்னணிகளும் வெள்ளிக் கலங்களும் வெளிப்பட்டன. கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஈமக்குழியில் உடல் எஞ்சவில்லை. அமிலத்தன்மை மிக்க மண் அதனைக் கரைத்துவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஊர் மன்றத்தில் கொரோனர் விசாரணை நடைபெற்றது. ஆற்றிலிருந்து கப்பலை மேட்டுக்கு இழுத்துவந்து, பொருள்களை நிரப்பி, மேலே பெரியதொரு மண்மேடு எழுப்பிய செயலைப் பலர் கூடியன்றிச் செய்திருக்க இயலாது; எனவே அது மறைத்தலாகாது; திரும்ப எடுக்கும் எண்ணமும் அதில் இல்லை என்பது கருத்து. புதையலன்று என நடுவர் குழு முடிவு கூறியது. நிலத்துக்குரியவரான அம்மையார் அனைத்தையும் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்குக் கொடையாக அளித்தார்.

இவ்விதி இறந்தோர்பால் கொண்ட மதிப்பினால் பிறந்ததன்று. மன்னர்க்குரிய பங்கு எது என வரையறுக்கவே அது பிறந்தது. சட்டன் ஹூவில் பொருள் இறந்தவர்க்குத் திரும்பவும் இல்லை. ஆயினும், 'இதனை இங்கு வைத்தவர் எதற்காக வைத்தார்?' என்னும் வினாவை ஒரு நீதிமன்றம் கேட்டே தீரவேண்டும் என்ற நிலையை அது காத்துவந்தது.

மதிப்பைக் கேட்ட சட்டம்

அதே ஆட்சி இந்தியாவுக்கு 1878இல் இயற்றிய புதையல் சட்டத்தில் இவ்வினா இல்லை. மண்ணில் மறைந்துள்ள, எவ்வகை மதிப்பேனும் உடைய எப்பொருளும் புதையலே என்பது அதன் வரையறை. பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். உரியவர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கும் சேரும். அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கைக் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். எடைக்கல்லின் மொழியில் எழுதப்பட்ட சட்டம் இது எனலாம். நூறாண்டுக்குள் மறைத்துவைத்தவரோ அவருடைய வழியினரோ உளரா என்று அது கேட்கிறது. ஏன் வைத்தார் என்று கேட்பதில்லை.

இவ்வேறுபாட்டின் விளைவைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். அங்குள்ள செப்புத் திருமேனிகள் பல இச்சட்டத்தின் வழியே வந்து சேர்ந்தவை. படையெடுப்புக்கு அஞ்சிய காலங்களில், நிலைமை சீரானதும் எடுத்து வழிபடும் நோக்கோடு மண்ணுள் மறைக்கப்பட்டவை அவற்றுள் உண்டு. பழைய ஆங்கில விதிப்படி பார்த்தாலும் அவை மீட்கும் எண்ணத்தோடு மறைக்கப்பட்டவையே. எடுத்தவர், மறைத்தவரின் விருப்பத்தை ஒரு வகையில் நிறைவேற்றினார். ஆதிச்சநல்லூரின் பொற்பட்டங்கள் வந்த வழி வேறு. அவை அரசின் அகழாய்வில் கிடைத்தவை. எனினும், உழவர் ஒருவரின் மண்வெட்டியில் அவை அகப்பட்டிருந்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வையில் அவையும் திருமேனிகளும் ஒன்றே. திரும்பி எடுப்பதற்காக வைத்ததற்கும் திரும்ப எடுக்காதிருப்பதற்காக வைத்ததற்கும் அச்சட்டத்தில் ஒரே சொல்தான் உண்டு.

ஆதிச்சநல்லூர்

தாமிரபரணியின் தென்கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ள மேட்டுநிலம் இது. ஊரார் இதனைப் 'பரம்பு' என்பர். 1876இல் இங்கு வந்த செருமானியரான ஜாகோர், மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மண்டையோடுகள் முதலியவற்றைத் திரட்டிப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899க்கும் 1905க்கும் இடையே தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அவர் தொகுத்த பொருட்பட்டியல் 1915இல் சென்னையில் வெளியாயிற்று. மெல்லிய பொன்தகட்டாலான பட்டங்களும் வெண்கலக் கலங்களும் அதனைப் புகழ்பெறச் செய்தன.

ஆனால் ரீயின் குறிப்புகளுள் பொன்னைக் காட்டிலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது இரும்பைப் பற்றியதாகும். இரும்புப் படைக்கலங்களும் கருவிகளும் எப்போதும் முனை கீழ்நோக்கியே காணப்பட்டன என்றும், சூழ நின்று துயருற்றோர் அவற்றை மண்ணில் குத்தி வைத்தமை போன்று அந்நிலை தோன்றியது என்றும் அவர் எழுதினார். கலங்களுள் நெல், தினை ஆகியவற்றின் உமி இருந்தமையையும் துணியின் சுவடுகளையும் அவர் பதிவு செய்துள்ளார். பெயர் தெரியாத மக்கள் தம்முள் ஒருவரை வழியனுப்பிய செயலின் எச்சம் அந்தச் செங்குத்து நிலையிலேயே உள்ளது, வாளில் இல்லை. வாளைப் பிடுங்கி எடுத்தவுடன் எஞ்சுவது துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டு.

இவ்விடத்தில் கருவியைப் பற்றி ஒரு செய்தியைக் கூறுதல் பொருந்தும். இன்றைய உலோகங்காண் கருவிகள் பலவற்றில் இரும்பின் ஒலியை ஒதுக்கிவிடும் அமைப்பு உண்டு. ஆணியையும் பழைய தகரத்தையும் தோண்டிச் சலிப்படையாமல், பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றை மட்டும் நாடுவதற்காக அது வைக்கப்பட்டுள்ளது. ஆதிச்சநல்லூர் போன்றதோர் இடத்தில் அவ்வமைப்போடு நடப்பவருக்கு, துயருற்றோர் கையால் குத்திய இரும்பு ஒலியின்றிக் கிடக்கும். பட்டம் மட்டும் ஒலிக்கும். அதை நோக்கித் தோண்டும் குழி தாழியை உடைத்து, உமியையும் எலும்பையும் கலைத்து, வாள்களைச் சாய்த்துவிட்டே செல்லும்.

தாழி என்னும் சொல்

பழந்தமிழர் இச்செயலுக்குத் தனிச் சொற்கள் வைத்திருந்தனர். தாழி, பதுக்கை, நடுகல் என்பன அவற்றுட் சில. சுடுதல், வெளியே இட்டுவிடுதல், குழியில் கிடத்தல், கல்லறையில் அடைத்தல், தாழியால் கவித்தல் ஆகிய ஐவகை முறைகளையும் மணிமேகலை ஒருசேரக் குறிப்பிடுகிறது. புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் தாழி வனையும் குயவரை விளித்துப் பாடப்பெற்றவை. முன்னது மன்னன் ஒருவனின் புகழை அடக்கும் தாழியை வனைய இயலுமா என வினவுகிறது. பின்னதில் கணவனை இழந்த பெண் தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாகச் செய்யுமாறு வேண்டுகிறாள். தாழியின் அளவே இரு பாடல்களிலும் பேசப்படுகிறது. உள்ளே இடப்படும் பொன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

'முதுமக்கள் தாழி' என்னும் தொடரில் 'முது' என்பது பழமையையும் குறிக்கும், அகவை முதிர்ச்சியையும் குறிக்கும். மிக முதிர்ந்து உடல் சுருங்கியும் உயிர் பிரியாத முதியோரை உணவோடும் விளக்கோடும் தாழியில் வைத்தனர் என்னும் கதை சிற்றூர்களில் இன்றும் கேட்கப்படுவது, இரண்டாம் பொருளைக் கொண்டு எழுந்த விளக்கமாகலாம். அகழாய்வு இக்கதைக்கு அரண் செய்யவில்லை. ஆயினும் அக்கதை சொல்லும் ஊரார் தாழிக்குள் ஓர் ஆளைக் காண்கின்றனர் என்பது கருதத்தக்கது. சட்டம் அதற்குள் மதிப்புடைய ஒரு பொருளைக் கண்டது.

மயானத்தில் உள்ள எதையும் எவரும் தொடலாகாது என்று தமிழ் மரபு கருதியதாகக் கொள்ளுதலும் பிழையாகும். அரிச்சந்திரன் கதையில் சுடுகாட்டுக் காவலனுக்குரிய முழத்துண்டும் கால்பணமும் நாடறிந்தவை. நெற்றியில் வைக்கும் காசு முதலியன மயானத் தொழில் செய்வோர்க்குச் சேரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இவ்வுரிமை சாதி ஒடுக்குமுறையோடு பிணைந்தது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் அப்பங்கு உறவினர் கண்ணெதிரே, சடங்கின் உறுப்பாக, கொடுத்துப் பெறப்படுவது. கொடுப்பவர் இல்லாத நேரத்தில் எடுப்பது அதனுள் அடங்காது.

எண்ணிடப்பட்ட தகடு

பொன்னுக்குரிய இவ்விதிகள் மதிப்பற்ற உலோகத்தை எவ்வாறு கைவிடுகின்றன என்பதற்கு ஐரோப்பியப் போர்க்களங்கள் சான்று. செருமானியப் படைவீரர் அணிந்த நீள்வட்ட அடையாளத் தகட்டின் நடுவே துளைகள் இருக்கும். வீரர் இறந்தால் தகடு இரண்டாக ஒடிக்கப்படும்; ஒரு பாதி பதிவுக்குச் செல்லும்; மறுபாதி உடலோடு கிடக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத் தகட்டில் பெயர் இராது; படைப்பிரிவும் எண்ணுமே இருக்கும். பதிவேட்டில் அவ்வெண்ணைப் பெயராக மாற்றலாம். அடையாளமின்றிப் புதைந்த உடலுக்கும் அதன் பெயருக்கும் இடையே பல வேளைகளில் அப்பாதித் தகடு ஒன்றே பாலம். கிழக்குப் போர்முனையின் புதைகுழிகளில் கருவியோடு தேடி அதனை எடுத்து விற்போர் கையில் சேர்வது சிறு தொகை. குழியில் எஞ்சுவது பெயர் திரும்ப வழியற்ற எலும்பு. அத்துத்தநாகத் துண்டுக்குப் புதையல் சட்டம் எதனாலும் பயனில்லை.

அதே கருவி எதிர்த்திசையிலும் பயன்பட்டதுண்டு. பிரான்சின் ஃப்ரொமேல் அருகே 1916 ஜூலையில் மடிந்த ஆஸ்திரேலிய, பிரித்தானிய வீரரின் கூட்டுக்குழிகள் உள்ளன எனக் கருதப்பட்ட இடத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2007இல் உரிய இசைவோடு மேற்பரப்பை இக்கருவியால் ஆராய்ந்தனர். உடல்களைத் தொடவில்லை. கிடைத்த ஆஸ்திரேலியப் பதக்கம் ஊகத்துக்கு வலுவூட்டியது. 2009இல் 250 உடல்கள் எடுக்கப்பட்டன. 2010இல் புதிய கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. மரபணுச் சோதனையால் அவர்களுள் பலருக்குப் பெயர் கிடைத்தது. உலோகம் ஆளைச் சுட்டும் குறியாக அங்குக் கொள்ளப்பட்டது.

எவருடைய எண்ணம்?

கருவியின் பெருக்கத்தை எதிர்கொண்ட நாடுகள் வேறு வேறு வழியில் சென்றன. பிரித்தானியாவின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் காக்கப்பட்ட இடங்களில் இசைவின்றி இக்கருவியைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. அயர்லாந்து 1987இல் உரிமமின்றித் தொல்பொருள் தேடுவதையே தடை செய்தது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மறைத்தவரின் எண்ணம் பற்றிய வினாவைக் கைவிட்டது. 300 ஆண்டுப் பழமையும் பத்து விழுக்காடு பொன் அல்லது வெள்ளியும் பொதுவாகப் போதும் என்றாயிற்று. சட்டன் ஹூ இன்று கிடைத்தால் ஐயமின்றிப் புதையலே. ஈமப்பொருள்கள் தனியார் விற்பனைக்குச் செல்வதை இது பெரிதும் தடுத்தது. அவ்வகையில் இது நன்று. ஆனால் சட்டத்தின் மொழியில் கல்லறைக்கும் காசுப் பானைக்கும் இருந்த வேறுபாடும் அதனோடு மறைந்தது. எலும்புக்கோ ஆங்கில வழக்குச் சட்டத்தில் உரிமையாளரே இல்லை. அதனை எடுக்க 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டப்படி உரிமம் மட்டும் வேண்டும்.

இந்தியாவில் கல்லறையைக் காக்க எழுந்த விதி 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவு உள்ளது. பிறர் உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடோ, அது புண்படும் என அறிந்தோ இடுகாட்டில் அத்துமீறுவது குற்றம் என்கிறது அது. இங்கும் எண்ணமே வினவப்படுகிறது. ஆயின் அது தோண்டுபவரின் எண்ணம். புண்படுவதற்கு உயிரோடிருக்கும் ஒருவர் வேண்டும். மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தாழியின் பொருட்டுப் புண்பட எவரும் முன்வாராவிடில் இப்பிரிவு வாய் திறப்பதில்லை. அத்தாழிகளைக் காப்பவை 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் ஆகும். அவை நினைவுச்சின்னம், தொல்பொருள் என்னும் சொற்களால் பேசுகின்றன. இறந்தோர் என்னும் சொல்லால் அன்று.

தொல்லியல் துறையின் தமிழ்ப் பெயரே இதற்கிடையில் மாறியுள்ளது. முன்னர் 'புதைபொருள் ஆராய்ச்சி' என்றே அது பரவலாக வழங்கிற்று. பின்னர்த் 'தொல்லியல்' என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்றது. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் நடந்த அகழாய்வு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. எலும்புகள் இம்முறை தனிக் கவனம் பெற்றன. அண்மை அகழாய்வை அடுத்து 2023இல் அங்குத் திறக்கப்பட்ட களக் காட்சிக்கூடத்தில் தாழிகள் சில குழியிலேயே விடப்பட்டுள்ளன. மேலே பதித்த கண்ணாடியின் மீது நின்று, அவை வைக்கப்பட்ட இடத்திலேயே வைக்கப்பட்டபடி அவற்றைப் பார்க்கலாம்.